தினசரி சவரத்துக்கு ஆடும் தலை ஒற்றை பிளேடு ரேசர்: ஒன்பிளேடா, லீஃபா?

கிருதா:

இப்போது கையில் இருப்பது மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடோடு சேர்த்துத் தலையையே மாற்றுகிற வகை. தினமும் சவரம். கன்னத்தில் தொல்லை இல்லை. குரல்வளைக்கு இரண்டு பக்கமும் முடி தோலுக்குள்ளேயே வளைந்து புடைப்பு வருகிறது. பிளேடு எண்ணிக்கையைக் குறை என்கிறார்கள். இருபுறமும் கூருள்ள பிளேடு போடும் சாதா டபுள் எட்ஜ் ரேசரில் கோணம் பிடிபட நாளாகும் என்பதால், கார்ட்ரிட்ஜ் போலவே தலை அசைகிற, ஆனால் ஒற்றை பிளேடு போடுகிற ரேசராகத் தேடுகிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இரண்டு: ஒன்பிளேடு, லீஃப்.

தினசரி உபயோகத்துக்கு எது? இரண்டிலும் பிளேடு செலவு எப்படி? மீசை உண்டு, அதன் ஓரம் எடுக்க வருமா? வீட்டில் வருவது போர் தண்ணீர், நல்ல உப்பு. அசையும் பாகம் தாக்குப்பிடிக்குமா?

நுண்கோணம்:

தலை ஆடுவது வேறு, பிளேடு எத்தனை என்பது வேறு. இரண்டையும் முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கழுத்துப் புடைப்பு பிளேடு எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியை வெட்டும்போதே சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. பிறகு முடியின் நுனி தோல் மட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்கும். நேராக வளரும் முடி எப்படியும் வெளியே வந்துவிடும். கழுத்தில் படுத்தும் சுருண்டும் வளரும் முடி, வரும் வழியில் தோலிலேயே குத்திக்கொள்ளும். கன்னத்தில் இல்லாமல் கழுத்தில் மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆடும் தலை தீர்த்து வைப்பது கோணத்தை. ரேசர் தலையில் தோலைத் தொடுபவை மூன்று: முன்னால் தடுப்புக் கம்பி, நடுவில் பிளேடு முனை, பின்னால் மூடியின் விளிம்பு. கம்பியும் மூடியும் ஒருசேரத் தோலில் படிந்தால் பிளேடு கிட்டத்தட்ட 30 டிகிரியில் நிற்கும்படி தலையைச் செய்திருப்பார்கள். நிலையான தலையில் அந்தப் படிதலைக் கை கண்டுபிடிக்க வேண்டும். ஆடும் தலையில் தலையே திரும்பிப் படிந்துகொள்ளும். ஜில்லெட் 1977-ல் அட்ரா என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது அது இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜோடு வந்தது. அதனால்தான் பலருக்கும் இரண்டும் ஒன்று என்றே பதிந்துவிட்டது.

ஆடும் தலை காப்பாற்றாதது அழுத்தத்தை. கார்ட்ரிட்ஜிலிருந்து வருபவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். நிலையான தலையை அழுத்திப் பிடித்தால் கோணம் கெட்டு, சுரண்டும் சத்தமோ காந்தலோ வந்து உடனே எச்சரிக்கும். ஆடும் தலை அழுத்தினாலும் படிந்தே இருக்கும், வெட்டிக்கொண்டும் இருக்கும். கம்பிக்கும் பிளேடுக்கும் இடையே தோல் பிதுங்குவது அப்போது தெரியாது. சாயங்காலம் சிவந்த பிறகுதான் தெரியும்.

ஒன்பிளேடு: ஜப்பானின் ஃபெதர் நிறுவனம் செய்யும் எஃப்.எச்.எஸ்.10 என்ற ஒருமுனை பிளேடு மட்டும்தான் இதற்குப் பொருந்தும். பின்பக்கம் முதுகு வைத்த, சாதா பிளேடைவிடத் தடித்த பிளேடு. தடிப்பு இருப்பதால் வெட்டும்போது முனை அதிராது; அது முரட்டு முடிக்கு நல்லது. ஜெனிசிஸ் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கோர் என்ற வகை பிளாஸ்டிக். போடுவது எப்போதும் ஒரே பிளேடு, ஆகவே உங்கள் கழுத்துக்கு இது நேரடி விடை. மென்மையான ரேசர். மழமழவென்று ஒரே இழுப்பில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

லீஃப்: அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வருவது. சாதா டபுள் எட்ஜ் பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, அந்தப் பாதிகளில் ஒன்றோ இரண்டோ மூன்றோ போடலாம். குமிழைத் தளர்த்தினால் மூடி திறக்கும், உள்ளே இருக்கும் காந்தம் பிளேடைப் பிடித்துக்கொள்ளும். மூன்றும் போட்டால் அது உலோகத்தில் செய்த மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கதை திரும்ப வரும். உங்களுக்கு ஒன்றில் ஆரம்பிப்பதுதான் சரி. எத்தனை பிளேடு போட்டால் தலையில் எந்தெந்த இடத்தில் வைப்பது என்று உடன் வரும் படத்தைப் பார்த்துப் போடுங்கள், யோசித்துப் போடாதீர்கள்.

தினசரி சவரம் என்கிறீர்கள். தாடி முடி ஒரு நாளில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை வளரும். அந்த நீளத்துக்கு ஒரு பிளேடு தாராளம். மூன்று பிளேடின் சௌகரியம் மொட்டை, கை, கால் என்று பெரிய பரப்பு எடுப்பவர்களுக்கு.

முறுக்குமீசை:

மீசை கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். ஆடும் தலை மீசைக்கு ஆகாது. அதுலயும் லீஃப் தலை பருமன், மூக்குக்குக் கீழ நுழையறதே கஷ்டம். ஓரம் எடுக்கணும்னா பிளேடு முனை எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும், கை வெச்ச இடத்துல நிக்கணும். ஆடும் தலை கோட்டைத் தாண்டிப் படியப் பார்க்கும். ஒரு பக்கம் அரை மி.மீ. போச்சுன்னா மறுபக்கம் சரிபண்ணப் போய், அப்புறம் மீசையே சுருங்கிடும்.

ஒரு வழி இருக்கு. கைப்பிடியைச் சாய்ச்சு, தலை இதுக்கு மேல திரும்பாதுங்கற எல்லைக்குக் கொண்டு போங்க. அந்த நிலையில அது நிலையான தலை மாதிரிதான். உதட்டைப் பல்லுமேல இழுத்துப் பிடிச்சு, மீசைக்குக் கீழ மேலிருந்து கீழா 5 மி.மீ. இழுப்பு, அவ்வளவுதான். காதோரக் கிருதா முடிக்கும் இதே. ஆனா கோடு கூர்மையா வேணும்னா, சலூன்ல பாதி பிளேடு போட்டுச் செய்வாங்கள்ல, அந்தக் கத்திதான் சரி. லீஃப் வாங்கினா பாதி பிளேடு எப்படியும் வீட்டுல கிடக்கும், அதையே இதுலயும் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு, வாங்கும்போது பேரைப் பாருங்க. ஒன்பிளேடுன்னு தேடினா முதல்ல வர்றது பிலிப்ஸோட பேட்டரி ட்ரிம்மர். அது வேற கம்பெனி, வேற பொருள். அதே மாதிரி லீஃப்காரங்களே ட்விக், தோர்ன்னு ரெண்டு விக்கறாங்க. ரெண்டும் ஒரு பாதி பிளேடு போடற நிலையான தலை. தோர்ன் கொஞ்சம் முரடு. படத்துல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும்.

கிருதா:

நன்றி இருவருக்கும். பாதியாக உடைப்பது எப்படி? கையில் வெட்டிக்கொள்ளாமல் தினமும் செய்யக்கூடிய வேலையா? செலவையும் யாராவது சொல்லுங்கள்.

பட்டறை:

தினமும் உடைக்க வேண்டியதில்லை, பிளேடு மாற்றும்போது மட்டும்தான். உடைப்பது பிளேடு காகிதத்துக்குள் இருக்கும்போதே. உறையை நீளவாக்கில் பிடித்து, இரண்டு கட்டைவிரலும் நடுக்கோட்டில் சம அழுத்தமாக இருக்கும்படி ஒரே திசையில் மடக்குங்கள். டக்கென்று முறியும். டபுள் எட்ஜ் பிளேடின் நடுவே துவாரம் ஓடுவதால் இரு கோடிகளிலும் கொஞ்ச இடம்தான் உலோகம் ஒட்டியிருக்கும், முறிவது அங்கேதான். முறியவில்லையே என்று முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. அப்படி ஆட்டினால் பிளேடு முறுகிவிடும். முறுகிய பாதி மூடிக்குள் தட்டையாக உட்காராது.

உடைத்த பிறகு பார்க்க வேண்டியவை இரண்டு. முறிந்த கோடியில் பிசிறு நீண்டிருந்தால் பிளேடு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு உடையுங்கள், தேய்த்துச் சரிசெய்யும் வேலை வேண்டாம். அடுத்தது மெழுகு. சில பிராண்டுகளில் காகிதம் நகராமல் இருக்கப் பிளேடின் மேல் மெழுகுப் பொட்டு வைத்திருப்பார்கள். சாதா ரேசரில் அது பெரிய விஷயம் இல்லை. காந்தத்தில் படிய வேண்டிய பாதி பிளேடுக்கு அந்த மெழுகே மேடாகிவிடும். வெந்நீரில் காட்டினால் இளகும். வெட்டும் முனையைத் துணியால் துடைக்காதீர்கள், மேலே உள்ள மெல்லிய பூச்சு போய்விடும்.

மூடியபின் ரேசரைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து நேர் முன்னாலிருந்து பாருங்கள். பிளேடு முனை தடுப்புக் கம்பிக்கு இணையாக ஓட வேண்டும். ஒரு கோடி அதிகமாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் கீறும், மறுபக்கம் வெட்டாது. ஒன்பிளேடிலும் இதையே பாருங்கள். பிளேடு கடைசிவரை உள்ளே போய் உட்காராவிட்டால் அங்கேயும் சாய்வு வரும்.

சாதா பிளேடின் தடிப்பு 0.1 மி.மீ. தான். பாதியாக்கியபின் அதை விறைப்பாக வைத்திருப்பது மூடியின் இறுக்கம் மட்டுமே. குமிழை அரைகுறையாக இறுக்கினால் முனை அதிர்ந்து முடியைப் பிடுங்கும். பிளேடு மொக்கை என்று நினைத்து நல்ல பிளேடைத் தூக்கிப் போடுபவர்கள் பலர்.

செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செவன் ஓ க்ளாக், டோபாஸ் போன்ற பிளேடு ஒன்று 3 ரூபாய் என்று வையுங்கள். லீஃபில் ஒரு பாதி போட்டால் 1 ரூபாய் 50 காசு, மூன்று பாதி போட்டால் 4 ரூபாய் 50 காசு. அது 4 சவரம் வந்தால், ஒரு சவரத்துக்கு முதல் கணக்கில் 40 காசுக்குப் பக்கம், இரண்டாவதில் 1 ரூபாய் 10 காசு சொச்சம். ஒன்பிளேடுக்கான பிளேடு ஜப்பான் சரக்கு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஒன்று 80 ரூபாய் விழுந்தால், 4 சவரத்துக்குச் சவரம் ஒன்றுக்கு 20 ரூபாய். உங்களுக்குக் கிடைக்கும் விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. ரேசர் விலையைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேடு வருவது நின்றால் ஒன்பிளேடு அலமாரிப் பொருள். லீஃபுக்குப் பெட்டிக்கடை பிளேடு போதும்.

உப்புத் தண்ணீர் விஷயம். அசையும் தலையில் கெடுவது பிளேடு இருக்கும் இடம் அல்ல, அச்சுப் பின்னும் ஸ்பிரிங்கும் இருக்கும் சந்து. உப்பும் சோப்பும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து அதில் முடித்துகள் சிக்கும். முதலில் தலை மெதுவாகத் திரும்பும், பிறகு பாதியில் நிற்கும். பாதியில் நின்ற தலை நிலையான தலையைவிட மோசம். கோணத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று கை நம்பிக்கொண்டிருக்கும், அது பார்த்துக்கொள்ளாது.

பரிசோதனை சுலபம். பிளேடைக் கழற்றிவிட்டுத் தலையை நகத்தால் ஒரு கோடிவரை தள்ளி விடுங்கள். தடங்கலில்லாமல் பழைய நிலைக்கு வர வேண்டும். பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அங்கே ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் அச்சுப் பின் தேய்ந்துவிட்டது. எந்தப் பிளேடு போட்டாலும் கடகடக்கும்.

சவரம் முடிந்ததும் தலையின் பின்பக்கத்தைக் குழாய்க்கு நேராகக் காட்டி, தலையை இரண்டு மூன்று முறை அசைத்துக் கழுவுங்கள். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில், ஒரு டம்ளர் போதும். உதறிவிட்டுத் தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பிளேடைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து 10 நிமிடம் தலையை மட்டும் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் சந்துகளைத் தேய்த்துக் கழுவுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இது ஒன்றும் செய்யாது. முலாம் பூசிய வகையில் எங்காவது பூச்சு பெயர்ந்திருந்தால் வினிகர் வேண்டாம், உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்றுவிடும். காய்ந்ததும் அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து முடித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நேர்கோடு:

எல்லாரும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள், அடிப்படையில் எனக்கு உடன்பாடில்லை. கோணம் பிடிபடாது என்ற பயத்துக்காக இவ்வளவு விலை கொடுத்து அசையும் பாகம் வாங்குவானேன்? இன்றைக்கு நிலையான தலையிலேயே கோணம் தானாகப் படிகிற ரேசர்கள் இருக்கின்றன. கனடாவில் அலுமினியத்தில் கடைந்து செய்யும் ஹென்சன் ஏ.எல்.13-ஐப் பாருங்கள். பிளேடு வெளியே நீட்டியிருப்பது 0.033 மி.மீ. தான். மூடியைக் கன்னத்தில் படியவைத்து இழுத்தாலே 30 டிகிரி வந்துவிடும், தவறான கோணத்தில் பிடித்தால் வெட்டவே வெட்டாது. கழற்றினால் மூன்றே துண்டு. துருப்பிடிக்க அச்சுப் பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பிளேடு முழுசாகப் போடுவது, உடைக்கும் வேலையும் கிடையாது.

ஒற்றை பிளேடு மட்டும்தான் வேண்டும், செலவே கூடாது என்றால் ஜில்லெட் கார்ட் இருக்கிறது. 2010-ல் இந்தியாவுக்கென்றே வடிவமைத்து, ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய் என்று இறக்கியது. ஒரே பிளேடு, முன்னால் சீப்புப் பற்கள். குழாயே இல்லாமல் ஒரு கிண்ணம் தண்ணீரில் அலசினாலும் முடி வெளியேறும்படி செய்தது. கழுத்துப் புடைப்பு பிளேடு எண்ணிக்கையால்தானா என்று தெரிந்துகொள்ள, பெரிய ரேசர் வாங்கும்முன் இதில் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நுண்கோணம்:

கார்ட் யோசனையை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். புடைப்பு அதில் குறையாவிட்டால் லீஃப், ஒன்பிளேடு எதிலும் குறையாது. பிறகு தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் நேர்கோடு ஐயா சொல்வது கன்னத்துக்குச் சரி, தாடைக்கு அவ்வளவு சரியில்லை. தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கும் இரண்டு அங்குலத்தில் தோலின் சாய்வு கிட்டத்தட்ட செங்கோணமாக மாறுகிறது. நிலையான தலையில் மணிக்கட்டு அந்த வளைவை அப்படியே போட வேண்டும், அல்லது தோலை எலும்புக்கு மேலே இழுத்துச் சமதளமாக்க வேண்டும். இரண்டாவது பழகிவிட்டால் ஆடும் தலை தேவையில்லை என்பதும் உண்மைதான். காலையில் அவசரமாக, பாதி இருட்டில் செய்பவர்களுக்கு ஆடும் தலை உதவும்.

கிருதா அவர்களுக்கு, எந்த ஆடும் தலை வாங்கினாலும் கழுத்துக்கு இப்படிச் செய்யுங்கள். சவரம் செய்த மறுநாள் விரல் நுனியால் கழுத்தை நான்கு திசையிலும் தடவி, எந்தப் பக்கம் தடவினால் வழுவழுப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று பார்த்து வையுங்கள். பலருக்குக் குரல்வளைக்கு இரு பக்கமும் முடி பக்கவாட்டில் படுத்திருக்கும், சிலருக்குக் கீழிருந்து மேலே. வழுவழுப்பான திசைதான் முதல் இழுப்பின் திசை. மேலிருந்து கீழ் என்று கண்ணை மூடிக்கொண்டு இழுப்பதுதான் பாதிப் பிரச்சினை.

இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைய விடுங்கள். உப்புத் தண்ணீரில் நுரை நிற்காது. கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். நுரை கட்ட மட்டும் 50 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், க்ரீம் ஒரு கிராம் போதும். கைப்பிடியின் அடிப்பகுதியை மூன்று விரல் நுனியால் மட்டும் பிடியுங்கள். மேலே பிடித்தால் கை தானாக அழுத்தும். தலை படிந்துவிட்டது என்று தெரியும் அழுத்தத்துக்கு மேல் துளியும் வேண்டாம். இழுப்பு 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலசுங்கள். குரல்வளை மேட்டில் தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள்.

இரண்டாம் சுற்று வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்குவாட்டில் மட்டும். புடைப்பு அடங்கும்வரை கழுத்தில் எதிர்த்திசை வேண்டவே வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீர், பிறகு ஈரப் படிகாரத்தை லேசாகத் தடவி அரை நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். எந்த இடத்தில் காந்துகிறதோ அங்கேதான் கை அழுத்தியிருக்கிறது.

கிருதா:

முதலில் கார்ட், சரிப்பட்டால் லீஃபில் ஒற்றைப் பாதி என்று முடிவு செய்திருக்கிறேன். மீசைக்குச் சலூன் கத்தி. மீதிப் பாதி பிளேடை எப்படி வைப்பது? பழசை எங்கே போடுவது? ஊருக்குப் போகும்போது விமானத்தில் கொண்டு போகலாமா?

பட்டறை:

மீதிப் பாதியை அதே காகிதத்தில் சுற்றி, பெட்டியிலேயே திருப்பி வையுங்கள். குளியலறையில் வேண்டாம், ஈரம் ஏறும்.

பழசை வெறுமனே குப்பையில் போடாதீர்கள். பாதி பிளேடு பையைக் கிழித்துக்கொண்டு தூய்மைப் பணியாளர் கையில்தான் ஏறும். மூடி இறுகிய தகர டப்பா ஒன்றின் மூடியில் ஒரு பிளேடு நுழையும் அளவு கீறி, அதில் போட்டு வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, உலர் குப்பையில் சேராமல் தனியாகக் கையில் கொடுங்கள்.

விமானத்தில் பிளேடு கைப்பையில் போகாது, ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான். ரேசரையும் அதிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே பிளேடு இல்லை என்று சோதனைச் சாவடியில் மூடியைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.